செல்வி சொன்ன பதில்

இன்று காலை ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்தபோது, ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த துணிக்கட்டைச் சிஸ்டர் பிரித்துக்கொண்டிருந்தார். சூடான பருத்தியும் நீராவியும் கலந்த வாசம் முகத்தில் பட்டது. எந்த ஊரில், எந்த வயதில் நிற்கிறேன் என்று ஒரு கணம் தெரியவில்லை. நீ மாஸ்க்குக்கு மேல் கண்ணால் சிரித்தபடி, "தூங்க வச்சிட்டியா? ஆரம்பிக்கலாமா?" என்று கேட்பது போலிருந்தது.

சிதம்பரத்தில் ஒன்றாகப் படித்தோம். சாயங்கால வெயில் கோபுரத்திலிருந்து இறங்கும் நேரத்தில் தேரோடும் வீதிகளைச் சைக்கிளில் சுற்றுவோம். பேச்சில் எத்தனை சுற்று என்பதே மறந்துவிடும். பிறகு கடலூரில் ஒரே தனியார் மருத்துவமனையில் வேலை. நீ பிரசவ டாக்டர், நான் மயக்க மருந்து கொடுப்பவள். சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்துப் பெண்கள் உன்னையே தேடி வந்தார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி கருவுற்றவர்கள், உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் படுப்பார்கள். செல்வி அவர்களில் ஒருத்தி.

மூன்று நான்கு வருடம் போயிருக்கும். ஒரே மாதத்தில் நீ சிசேரியன் செய்த மூன்று பேருக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடித்தது. செல்விக்கும். நீராவி அழுத்தத்தில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் அழுத்தம் நிற்காமல் மீட்டர் முள் சரிந்துகொண்டே வருவதை நீதான் எனக்குக் காட்டினாய். நிர்வாகத்துக்கு இரண்டு முறை எழுதினாய். பதில் வரவில்லை. உன் சிகிச்சையை ஆராய சக மருத்துவர்கள் மூவர் கொண்ட குழுவைப் போட்டார்கள். அந்த மூவரில் நானும் ஒருத்தி.

அறையில் ஏசி ஓடியது. மேசைமேல் உன் மூன்று கேஸ் ஷீட்டுகள்.

"ஆட்டோகிளேவ் ரிஜிஸ்டர் எங்க சார்?" என்று கேட்டாய்.

"அது இந்தக் கமிட்டியோட வேலை இல்ல, டாக்டர்" என்றார் மருத்துவமனை இயக்குநர்.

நீ என் பக்கம் திரும்பினாய். "நீ சொல்லேன். நீயும் பாத்தல்ல?"

நான் எதிரிலிருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஃபைல் என்னுடையதாக இருக்கும் என்ற பயம். அறுவைத் திறனில் குறை என்று எழுதியிருந்த அறிக்கையில் என் கையெழுத்து மூன்றாவது.

உன்னை அனுப்பினார்கள். அந்த அறிக்கை உனக்கு முன்னே ஊரைச் சுற்றி வந்துவிட்டது. கடலூரில் எந்த மருத்துவமனையும் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சிதம்பரத்தில் ஒரு சந்துக்குள் சின்னதாக கிளினிக் வைத்தாய்.

நான் உன்னைப் பார்க்கக் கிளம்ப ஒன்றரை வருடம் ஆயிற்று. பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது பனி இன்னும் கலையவில்லை. ஆறும் கரையும் ஒன்றாகக் கரைந்து, பஸ் காற்றிலேயே மிதந்து போவது போலிருந்தது. அப்படியே போய்ச் சேராமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது. உன் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு, கர்ப்பிணிகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். என் முறை வந்தது.

"சொல்லுங்க, என்ன செய்யுது?" என்றாய், தலை நிமிராமல்.

"படிக்காம கையெழுத்து போட்டுட்டேன்னு பொய் சொல்லலாம்னுதான் வந்தேன். படிச்சிட்டுத்தான் போட்டேன்."

வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாய். "தெரியும். நீ எதையும் படிக்காம போட மாட்ட. என்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது? எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். நான் கண்ணால் பார்த்த முள், நீ எழுதிய இரண்டு கடிதம், நான் வாய் திறக்காதது, எல்லாம். என் வேலையும் போயிற்று. இரண்டு முறை சென்னைக்குப் போய் மருத்துவ கவுன்சிலில் சாட்சி சொன்னேன். அறிக்கை செல்லாது என்று கடிதம் வந்தபோது, நீ புற்றுநோயோடு படுக்கையில் இருந்தாய். ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருந்த மத்தியானம். கடிதத்தை நான் வாசிக்க, நீ கண் மூடிக் கேட்டாய். உறங்கிவிட்டாய் என்றே நினைத்தேன்.

"இத செல்விகிட்ட போய்ச் சொல்லு" என்றாய். "அப்புறம் என்கிட்ட வந்தப்பவும் அவ அதக் கேக்கல, நானும் சொல்லல. அவ புண்ணுக்கு என் கை காரணமில்லன்னு அவளுக்குத் தெரியணும். மத்தவங்க நெனக்கிறத விடு."

மறுநாளே தேவனாம்பட்டினம் போனேன். செல்வி வலைகளுக்குப் பக்கத்தில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். கடிதத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். நான் யார், எதில் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றாள்.

"எங்களுக்கு இது எப்பவோ தெரியும்மா. இல்லன்னா அடுத்த புள்ளைக்கு செதம்பரம் வரைக்கும் பஸ் ஏறி அவுங்ககிட்டயே போயிருப்பனா?"

அந்தப் பெண் குழந்தைக்கு உன் பெயரை வைத்திருப்பதாகவும் சொன்னாள். குடிசைக்குள்ளிருந்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அதை உன்னிடம் சொல்லத்தான் அடுத்த பஸ்ஸில் ஓடி வந்தேன். வாசலில் செருப்புகள் கூடிக் கிடந்தன; உள்ளே அழுகுரல். என்னை மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அது எனக்குரியது, இருக்கட்டும். ஆனால் செல்வி சொன்னது உனக்குரியது. இத்தனை காலம் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.