முழங்காலில் ஒரு ஸ்க்ரூ

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

ஃபுட்பாலில் அறுந்த என் முழங்கால் லிகமென்டைச் சின்னத் துளைகள் வழியாகவே கேமரா விட்டுச் சரிசெய்யலாம் என்றார் ஔந்த் ஆஸ்பத்திரி டாக்டர். அப்பாவின் முகம் மலர்ந்தது. ஏர்ஃபோர்ஸில் விமானம் ரிப்பேர் பார்க்கும் அவருக்கு, நான் அதை ஓட்ட வேண்டும் என்று ஆசை. எனக்கும்தான்.

"தழும்பு தெரியாதில்லையா? செலக்‌ஷன் மெடிக்கல்ல சொல்லாம இருந்துடலாமா?" என்று இந்தியில் கேட்டார். ரிப்போர்ட் கார்டில் அவர் கையெழுத்தை நான் போட்டதற்கு லோஹேகாவ் ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸ் முழுக்கத் துரத்தி அடித்தவர்.

"தழும்பு மங்கிடும். எலும்புல போடற ஸ்க்ரூ எக்ஸ்ரேல தெரியும்."

"ஆபரேஷனே வேண்டாம்னா?"

"ஓடும்போது கால் மடங்கி விழுவான். அப்பவும் எடுக்க மாட்டாங்க."

திரும்பும் வழியில், "தலைல மறை கழண்டவன்னு அம்மா திட்டுவாளே, கால்ல ஒண்ணு மாட்டப் போறாங்கன்னு சொல்லுங்க" என்றேன். அப்பா ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

சற்றுமுன் கோயம்புத்தூர் சித்தப்பாவிடம் போனில் பேசினார். "பைலட் எல்லாம் அவனுக்கு இஷ்டமில்லடா. கம்ப்யூட்டர்தான் படிப்பேங்கறான்."

நான் அப்படிச் சொன்னதே இல்லை. என் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.