ராணுவ வேலியோரம் ஒரு மடி

மைசூரு

மதிப்பிற்குரிய என் கணவருக்கு,

நான் நலம். நம் ஊர் கௌதள்ளியில் தங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

நான் மேற்பார்வை பார்க்கும், விருந்தாளிகள் வண்டியிலேயே தங்கும் கேரவன் முகாம் ராணுவ மைதானத்தின் வேலியை ஒட்டியது என்பது தாங்கள் அறிந்ததே. நேற்று வந்த பெங்களூருத் தமிழ்க் குடும்பம் வண்டிக்குள் சாமி படம் மாட்டிவிட்டு, அங்கேயே இருந்த கழிப்பறையைத் தீட்டென்று பூட்டிவிட்டது. விடிந்ததும் எல்லோரும் தண்ணீர் பாட்டிலோடு ராணுவ வேலியோரம் போய் அமர்ந்திருக்கிறார்கள். காவல் சிப்பாய் அவர்களை என்னிடம் ஓட்டிவந்தார். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

"நாங்க மடி ஆசாரம் பாக்கறவங்க, ஆன்ட்டி," என்றார் குடும்பத்தலைவர்.

"உங்க மடியத்தான் சிப்பாய் மிதிச்சுட்டு நிக்கறாரு. மம்பட்டி அங்க இருக்குது, எடுங்க."

குடும்பத்தலைவரையே அள்ள வைத்தேன். விருந்தாளிகளிடம் நான் ஞாயிற்றுக்கிழமைக்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால் வேலை இல்லை என்கிறார் முதலாளி.

வலித் தைலம் தீர்ந்துவிட்டது. கடையில் கிடைக்கிறது, முதுகுப் பக்கம் தேய்த்துவிடத்தான் இங்கே யாரும் இல்லை. ஆகவே அனுப்ப வேண்டாம். ஞாயிறு இரவு எனக்கும் சேர்த்து அரிசி போடுங்கள்.

முதலாளியின் ஜீப் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

நாச்சியம்மாள்