சாரலுக்கு முன் ஒரு சிவப்பு நட்சத்திரம்

தென்காசி,
மே மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு ஜன்னத் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நான் நலம். தம்மாம் வெயிலில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கத் துஆச் செய்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே, "சரிட்டி, பாத்துக்கலாம்" என்று சிரித்து மழுப்பிவிடுவீர்கள். காகிதத்திடம் அந்த வேலை நடக்காது.

ஹம்னா பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். பாளையங்கோட்டை ஹாஸ்டல் சாப்பாட்டை இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். போன வாரம் வந்தபோது, "வாப்பா போன்ல பேசுதப்ப எங்க வாப்பாவா இருக்காங்க, நேர்ல வந்தா விருந்தாளியா ஆயிருதாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாமி மௌத்தாகி அடக்கமான பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். நாலு அறையில் மூன்றில் லைட்டே போடுவதில்லை. ஒரு ஆளுக்கு ஆணம் காய்ச்சி அதை இரண்டு நாள் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறேன். இந்த லட்சணத்தில் மேலே ஒரு மாடி எடுக்க வேண்டும், அதற்காக இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறேன் என்கிறீர்கள். அந்த மாடியில் யார் குடியிருப்பது? பல்லிக்கா கட்டுகிறீர்கள்?

உங்கள் நட்சத்திரத்தைப் பற்றியும் எழுத வேண்டும். கல்யாணமான வருஷம் மாசி மாதம் நீங்கள் மொட்டைமாடியில் வைத்துக் காட்டிய அதே சிவப்பு நட்சத்திரம்தான். பத்து மாதத்துக்கு ஒரு தடவை பிரகாசம் ஏறி, பிறகு பைனாகுலருக்குக்கூட அகப்படாமல் மங்கிப்போகும் என்றீர்கள். தெற்கே தாழ நிற்பதால் தம்மாமில் அது தலையே காட்டாது, நீ பார்த்து எழுது என்று பைனாகுலரைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று அது தெரிகிற மாதமெல்லாம் சொல்லி வருகிறேன். நீங்களோ குற்றாலத்தில் குளிக்க வேண்டும் என்று சீசன் பார்த்தே லீவு போடுகிறீர்கள். வந்து நிற்கிற நாளெல்லாம் வானம் முழுக்கச் சாரல் மேகம். உங்கள் நட்சத்திரத்தை நீங்கள் மறுபடி பார்க்கவே இல்லை.

மஃரிப் தொழுதுவிட்டு நான் மாடியில் நிற்பதைப் பார்த்து அடுத்த வீட்டு ரஹ்மத் மாமி, "ஏட்டி, தினமும் தெக்குப் பக்கமா யாரப் பாக்குதே?" என்று கேட்டார்கள். "எம் மாப்பிள்ளையத்தான் பாக்குதேன் மாமி" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கீழே வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

சிவப்பு நட்சத்திரத்தை முறைத்துப் பார்க்கக் கூடாது, பார்க்கப் பார்க்க அது இருப்பதைவிடப் பிரகாசமாகத் தெரியும், ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடு என்று சொல்லிக் கொடுத்தீர்களே. நம் குடித்தனமும் அப்படித்தான் மச்சான் நடந்திருக்கிறது. ஒரு லீவு பார்ப்பது, பிறகு கண்ணை எடுத்துக்கொள்வது. எனக்கு உங்களை முறைத்துப் பார்க்க வேண்டும். தினமும் பார்த்துச் சலித்துப்போக வேண்டும். லுங்கியை அங்கங்கே போடுகிறீர்கள் என்று சண்டை போட வேண்டும். தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. இதை இத்தனை வருஷத்தில் இப்போதுதான் சொல்கிறேன்.

மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றீர்கள். போடாதீர்கள். இங்கே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏ.சி. ரிப்பேர் கடைக்கு ஆள் தேடுகிறார்கள். உங்கள் கைக்கு வேலை கிடைக்காமல் போகாது. இருப்பதைச் சாப்பிடுவோம்.

நேற்று போனில் இந்த மாதம் நட்சத்திரம் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். பேச்சை மாற்றினேன். தெரியாமல் இல்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை சொல்ல மாட்டேன். இனி எந்த மாதமும் சொல்ல மாட்டேன். சாரல் கட்டுவதற்குள் வாருங்கள். மேகம் முந்திக்கொண்டாலும் பரவாயில்லை, அது மறுபடி தெரிகிற தை மாதம் வரைக்கும் இங்கேயே இருந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். திரும்பிப் போக டிக்கெட் எடுக்காமல் வாருங்கள் மச்சான்.

உங்கள்
ஜன்னத்