டியூப் லைட்டில் கறுப்பாகத் தெரிந்த கோட்

ஜோசு அண்ணா,

வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். குக்கரில் தக்காளி சாதம் இருக்கிறது.

நாளை இன்டர்வியூவுக்கு விஷாலிடம் வாங்கி வந்தாயே, அந்தக் கோட் கறுப்பு இல்லை. நேற்று டியூப் லைட்டில் பார்த்து இரண்டு பேருமே ஏமாந்துவிட்டோம். சாயம் போடுகிறவர்கள் விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்க மாட்டார்கள். தறியும் சாயப்பட்டறையுமான பிள்ளையார்பாளையத்தில் இருந்துகொண்டு நமக்கு அது தோன்றவில்லை. இன்று வாசல் வெயிலில் விரித்துப் பார்த்தேன், கருநீலம். உன் கறுப்பு பேன்ட் அதோடு சேரவில்லை. சாம்பல் நிற பேன்ட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி பச்சைச் சட்டைக்கு அரக்கு டைதான் என்று நான் பிடிவாதம் பிடித்தபோது, "நான் இன்னா முகூர்த்தப் பொடவையா, பார்டர் வெச்சுக்கினு போறதுக்கு?" என்று கத்தினாய். அந்தக் கோபத்தில்தான் இன்று காலையில் உன்னோடு பேசவில்லை. யோசித்தால் நீ சொன்னது சரி. புடவைக்கு எடுப்பாக இருப்பது ஆபீஸில் துருத்திக்கொண்டு தெரியும். உன் வெள்ளைச் சட்டையே போட்டுக்கொள். ஆனால் அரக்கு டையை விட மனம் வரவில்லை. வெள்ளைமேல் அது அடக்கமாக இருப்பதாகத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. நாளைக் காலையில் வெயிலில் நீயே பார். பிடிக்காவிட்டால் கோட்டுப் பையில் நீல டை இருக்கிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன்.

அபி

பி.கு.: டை உன் தலையணையின் கழுத்தில் இருக்கிறது. கட்டிப் பழகினேன், இப்போதுதான் முடிச்சு நேராக வந்தது. அவிழ்க்காமல் தளர்த்தி எடு. அவிழ்ந்துவிட்டால், நான் வந்து தூங்கிப்போயிருந்தாலும் என்னை எழுப்பு. கோபம் தீராவிட்டாலும் எழுப்பு.