ஊர்வனவும் என் வீட்டுப் பாலூட்டியும்

4 ஆகஸ்ட் 1998, திண்டிவனம்

ஒன்பதாம் வகுப்பில் இன்று ஊர்வனவற்றுக்கும் பாலூட்டிகளுக்கும் உள்ள வேறுபாடு. பள்ளித் தோட்டத்திலேயே ஓணான் முட்டை பொரிந்திருந்தது. சும்மா கிடைத்த பாடம். முட்டையைக் கிழித்து வெளியே வந்த குஞ்சு, மண்ணை உதறிவிட்டு நேரே எறும்பைப் பிடித்துத் தின்றது. "அதோட அம்மா எங்க மிஸ்?" என்றாள் கலைப்பிரியா. முட்டையிட்டு மண்ணால் மூடிவிட்டு அன்றே போய்விட்டது, குஞ்சும் தேடாது என்றேன். "முதலை மட்டும் குஞ்ச வாயில தூக்கிக்கினு போவுதே, டிவில காட்னாங்களே?" விதிவிலக்கெல்லாம் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும்.

பாலூட்டியின் குட்டி கொஞ்ச காலம் தாயை நம்பி இருக்கும் என்று முடித்தேன். கொஞ்ச காலமாம்! வீட்டுக்கு வந்தால் எல்.கே.ஜி. யூனிபார்மோடு ஒரு பாலூட்டி வாசலிலேயே என் முந்தானையை இழுக்கிறது. என் மகன் சகாய பிரவீனுக்கு மூன்றரை வயது.

9 ஆகஸ்ட்

சர்ச்சில் ஞாயிறு பூசையில், பிரசங்கத்தின் நடுவே, "பாலு!" என்று கத்தினான். மானம் போயிற்று. வீட்டில் நாத்தனார் ரோஸ்லின் பிடித்துக்கொண்டாள். "நீங்க விழுப்புரம் டிரெய்னிங் போயிட்டா இவன யாரு சமாளிக்கிறது அண்ணி? ஜல்தியா பால் மறக்கடிக்கிற வழியப் பாருங்க." பயிற்சிக்குப் போகாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. என்னதான் செய்வேன்?

10 ஆகஸ்ட்

வேப்பிலையை அரைத்து மாரில் தடவிக்கொண்டேன். வாய் வைத்தான், முகத்தைச் சுளித்தான், எழுந்து போனான். அப்பாடா என்றிருந்தது. சொம்புத் தண்ணீரோடு திரும்பி வந்தான். "கழுவிட்டுக் குடிக்கிறேம்மா." எந்த ஓணான் குஞ்சுக்கு வரும் இந்தச் சாமர்த்தியம்? என் வீட்டுக்காரர் டோமினிக்குக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவருக்கென்ன, ஆண் பாலூட்டி.

17 ஆகஸ்ட், விழுப்புரம்

அவன் தூங்கும்போதே கிளம்பி முதல் பஸ் பிடித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வந்திருக்க மாட்டேன்.

19 ஆகஸ்ட்

மார் கல்லாகக் கட்டிக்கொண்டு ஒரே வலி. விடுதியில் உடன் தங்கியிருக்கும் அம்மணி டீச்சர் பஸ் ஸ்டாண்டில் மல்லிப்பூ வாங்கி வந்தார். "தலைக்கில்ல டீச்சர், மார்ல வெச்சுக் கட்டிக்கோங்க. பால் வத்திடும்." வகுப்பு முழுக்க என் மேல் கல்யாண வீட்டு வாசனை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து டோமினிக்கின் கடைக்குப் போன் செய்தேன். "என்னத் தேடறானா?" "தேடலியே! நண்டுக் கொழம்பு ஊத்தி ரெண்டு வாட்டி சோறு வாங்கித் தின்னுட்டு வெளையாடிக்கினு இருக்கான். நீ பேஜாராவாத."

நல்லது. ரொம்ப நல்லது. அதற்காக, ஒரு தடவைகூடவா கேட்க மாட்டான்?

22 ஆகஸ்ட்

கேட்கவில்லையாம்.

29 ஆகஸ்ட், திண்டிவனம்

ஓடி வந்து என் பையைத் துழாவினான். பிஸ்கட் கிடைத்ததும் போய்விட்டான். முந்தானையைத் தொடவே இல்லை. பால் வற்றித்தான் விட்டது. ஆனாலும் சாயங்காலம் வெட்கமில்லாமல் நானே கேட்டேன், "பால் வேணுமாடா?"

"வேணும்."

அவசரமாகக் கால் மடக்கி உட்கார்ந்தேன். அவன் கிட்டே வரவில்லை. "டம்ளர்ல குடு. சக்கர போட்டு."

அடுப்படியில் நின்று அழுதேன். நினைத்தது நடந்ததற்கு யாராவது அழுவார்களா? பாலை ஆற்றினேன், ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

"அடியே கிளாரா, அது எப்பவோ ஆறிப்போச்சு, குடுடி" என்றார் டோமினிக். இன்னும் கொஞ்சம் ஆற்றினேன்.