உப்பு பார்த்த விரல்

மார்ச் 3, செவ்வாய்

பேத்தி பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாள். வலிப்பு. பல் கிட்டி, வாயோரம் நுரை தள்ளி, இடது கை வெட்டி வெட்டி இழுத்ததாம். ஆறு வயதுப் பிள்ளை. டீச்சர் போன் செய்தபோது நான் சமையல் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் முழங்கை வரை கொத்துக்கறியில் இருந்தேன். போட்டது போட்டபடி ஓடினேன்.

எங்கள் வம்சத்தில் யாருக்கும் வலிப்பு கிடையாது. மருமகள் வீட்டுப் பக்கம் விசாரிக்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் மூன்று நீர்க்கட்டி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் புழுவின் தலையாம். பன்றி நாடாப்புழுவின் குஞ்சு.

நான் விடுவேனா? "எங்க வீட்டு அடுப்புல பன்றிக்கறி ஏறினதே இல்ல டாக்டர். நான் கடையில செய்றதோட சரி. பிள்ளை அதைக் கண்ணால பார்த்ததில்ல."

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். "குழந்தைக்குக் கறியால வரலம்மா. சரியா வேகாத கறியைத் தின்னவங்க வயித்துல அந்தப் புழு வளரும். அதோட முட்டை அவங்க மலத்துல வெளிய வரும். கையைச் சரியா கழுவாம சாப்பாட்டைத் தொட்டா, முட்டை அடுத்தவங்க வாய்க்குள்ள போகும். அது வயித்துல பொரிஞ்சு, குஞ்சு ரத்தத்துல ஏறி மூளைக்குப் போகும். யாரோ ஒருத்தர் கை. அதைக் கண்டுபிடிக்கணும்."

யார் கை என்று எனக்குத் தெரியாதா? மருமகள் வேலை முடிந்து வரும்போது பஸ் ஸ்டாப்பில் நறுக்கி வைத்த பழம் வாங்கி வருகிறாளே.

மார்ச் 6, வெள்ளி

கேட்டே விட்டேன்.

"எவன் எவனோ நறுக்கினதை வாங்கிட்டு வந்து பிள்ளை வாயில திணிச்சா இப்படித்தான் ஆகும்."

"பழம் மாசத்துல ரெண்டு தடவை அத்தை. தினம் மூணு வேளை ஊட்டுறது யாரு?"

"என் கையைச் சொல்றியா? இருபத்திரண்டு வருஷமா ஊரே சாப்பிட்ட கை இது!"

மகன் எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டினான். அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

என் சுத்தம் இவளுக்கு எங்கே தெரியும். சமையலறைக்குள் சோப்பை வரவிடமாட்டேன். விரலில் சோப்பு வாசனை நின்றால் சாப்பாட்டில் ஏறிவிடும். இவள் எத்தனை தரம் சோப்புக் கட்டி கொண்டுவந்து வைத்தாலும் எடுத்துக் குளியலறையில் போட்டிருக்கிறேன். எங்கே போய்வந்தாலும் தண்ணீரில் மூன்று முறை அலசுவேன். போதாதா?

மார்ச் 9, திங்கள்

வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கு மூன்று டப்பா. மூன்று நாள் மலம் எடுத்துத் தரவேண்டும். இந்த வயதில் இது வேறு.

நர்ஸ் கேட்டாள்: "மலத்துல தட்டையா, வெள்ளையா, நாடாவை வெட்டிப் போட்ட மாதிரி ஏதாவது பார்த்திருக்கீங்களா?"

மகன் இல்லை என்றான். மருமகள் இல்லை என்றாள். நானும் இல்லை என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

பொய்.

பார்த்திருக்கிறேன். போன வருஷம் முழுக்க, அவ்வப்போது. நகம் அளவு, வெள்ளையாக. ஒன்று அசைந்த மாதிரிகூட இருந்தது. ஏதோ செரிக்காதது என்று தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தேன். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? வந்து என்ன செய்தேன் — பேத்திக்கு வெள்ளரிக்காய் நறுக்கினேனா?

ஆனால் எனக்கு எப்படி வரும்? அந்தக் கறி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரு துண்டு தின்றதில்லை. உப்பு மட்டும்தான் பார்ப்பேன்.

உப்பு.

உருண்டைக்குக் கறியைப் பிசைந்ததும் பச்சையாகவே ஒரு கிள்ளு நாக்கில் வைப்பேன். பொரித்த பிறகு உப்பு கம்மி என்று தெரிந்து என்ன பிரயோஜனம்? கடையில் என் பெயரே 'தராசு'. என் நாக்கு தப்பியதில்லை என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன். துப்பினால் பார்ப்பவர்களுக்கு அருவருப்பாக இருக்குமே என்று விழுங்கிவிடுவேன்.

ஒரு கிள்ளுதானே? ஒரு கிள்ளுக்குள் வருமா?

மார்ச் 11, புதன்

அவர்கள் இருவரும் டப்பாவைக் கொடுத்துவிட்டார்கள். என்னுடையது காலியாக வாளிக்குப் பின்னால் இருக்கிறது. வேறு யாருடையதையாவது என் பெயர் எழுதிக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. சீ.

மார்ச் 12, வியாழன்

மதியம் பேத்திக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி இழுத்துவிட்டது. மாத்திரை போட்டும். என் விரல் அப்போது அவள் உதட்டில் இருந்தது. கண் மேலே சொருகியது. என்னடி கண்ணு, என்னைப் பாருடி என்று கத்தினேன். இரண்டு நிமிஷம் இருக்கும். இரண்டு யுகம்.

அவள் தூங்கியதும் பின்பக்கம் போனேன். மருமகள் துணி பிழிந்துகொண்டிருந்தாள். சொன்னேன். "அந்தப் புழு என்கிட்டதான் இருக்கு."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள்.

"எப்பலருந்து தெரியும்?"

"திங்கக்கிழமை."

"மூணு நாளா ஊட்டுனீங்களே அத்தை."

போய் வாளிக்குப் பின்னாலிருந்து என் டப்பாவை எடுத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

என்னுடையதில் முட்டை இருந்தது. எனக்கு ஒரே ஒரு மாத்திரை, அவ்வளவுதான். பேத்திக்கு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் கட்டிக்கு மருந்து. அது போக, வலிப்பு மாத்திரை வருஷக்கணக்கில். இது என்ன நியாயம்?

கடைக்குப் போய்ச் சமையல் மாஸ்டரிடம் நானே சொன்னேன்.

"ஏம்மா தராசு, இதைப் போய் வெளியில சொல்லலாமா?"

"உன் பொண்ணும் நான் நறுக்கின பச்சை வெங்காயத்தைத்தான தின்னுச்சு?"

கடையில் எல்லாரும் பரிசோதனைக்குப் போகிறார்கள். கறி எங்கே வாங்கினார்கள், அதில் கறியைச் சோதித்த முத்திரை இருந்ததா என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வந்து கேட்டார்களாம்.

மார்ச் 24, செவ்வாய்

பேத்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். மருமகள் ஊட்டுகிறாள். நான் அடுத்த அறையில் துணி மடிக்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

"பாட்டி ஏன் ஊட்டமாட்டேங்குது?" என்று கேட்கிறாள். "பாட்டிக்குக் கை வலி" என்கிறாள் மருமகள். காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 17, புதன்

மறுபடி மூன்று டப்பா கொடுத்தேன், இந்த முறை வெட்கப்படாமல். ஒன்றும் இல்லையாம். யாரும் கேட்காமலே நானே கடைக்குப் போய் இரண்டு சோப்பு வாங்கிவந்தேன். ஒன்று கழிவறை வாசலில். ஒன்று சமையலறையில்.

செப்டம்பர் 10, வியாழன்

நேற்றுப் புது ஸ்கேன். இரண்டு கட்டி கரைந்துவிட்டது. ஒன்று சுண்ணாம்புப் பொட்டு மாதிரி காய்ந்து கிடக்கிறது. அது அப்படியேதான் இருக்குமாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது. மார்ச்சுக்குப் பிறகு இழுப்பு வரவில்லை.

காலையில் மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அத்தை, எனக்கு நேரமாச்சு, அவளுக்கு நீங்க ஊட்டிடுங்க." திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண். இரண்டு தரம் கழுவினேன். மூன்றாவது தரமும் கழுவினேன்.

பேத்தி என் கையைப் பிடித்து, போலீஸ்காரி மாதிரி ஒவ்வொரு விரலாக மோந்து பார்த்தாள். அவள் அம்மா சொல்லிக்கொடுத்திருப்பாள்.

"சோப்பு வாசனை வருது. சரி, ஊட்டு."

முதல் வாய் ஊட்டினேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று அவளைக் கேட்டேன்.