மூன்றாம் போத்தலின் இடம்

மயிலிட்டி
11-2-1947

அன்புள்ள செல்வரட்ணம் அண்ணைக்கு, தங்கை தங்கமுத்து எழுதுவது. கொழும்பில் உங்களுக்கு அம்மாள் துணை நிற்பாள். இங்கே அம்மாவும் அப்புவும் நானும் சுகம் என்றே எழுதச் சொன்னார்கள். எனக்குக் கை வரவில்லை.

உங்கள் கடிதத்தை அப்புவின் பாய்க்கருகே இருந்து வாசித்தேன். நாங்கள் அனுப்பிய ஏழு போத்தல் கடற்சேற்றில், மூன்றாவதில் இருந்த கிருமி, புண்ணைச் சீழ்ப்பிடிக்க வைக்கும் கிருமியை வளரவிடாமல் தடுக்கிறதாம். ஆய்வுகூடத்துத் துரை உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். அதே இடத்துச் சேறு இன்னும் பத்துப் போத்தல் உடனே வேண்டுமாம்.

கேட்டு அப்பு சிரித்தார். "அவனுக்கு என்னைப்பற்றி ஒண்டும் எழுதாதை பிள்ளை, வேலை குழம்பிப் போகும்" என்று பொங்கலிலிருந்து என்னைத் தடுத்தவர் அவர்தான். இன்று அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அந்த மூன்றாம் போத்தலுக்காகக் கடலடிக்குச் சுழியோடியபோதுதான் திருக்கை முள் அப்புவின் காலில் ஏறியது. போத்தலை விடாமல் மேலே வந்தார். இப்போது முழங்கால் வரை கறுத்துச் சீழ் வடிகிறது. காலை எடுக்கவேண்டும் என்றார் டொக்டர். "ஒற்றைக் காலோடை வள்ளத்திலை நிக்க நான் என்ன பாய்மரமோ?" என்று கேட்டுவிட்டு அப்பு வீட்டுக்கு வந்துவிட்டார்.

உங்கள் கிருமியில் கொஞ்சம் அந்தக் காலுக்கு அனுப்ப முடியாதா, அண்ணை? மருந்தாக வர வருடக்கணக்காகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட்டது என் பிழை.

சேறு அள்ளத் தம்பிஐயாச் சித்தப்பா ஆயத்தம். இடம்தான் தெரியாது. வள்ளத்திலிருந்து பார்க்கக் கரையில் எந்தப் பனையும் எந்தக் கோபுரமும் நேர்ப்பட்டால் அந்த இடம் என்பதைத் தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்வதுதானே நம் வழக்கம். கூடப்பிறந்தவருக்கும் அப்பு சொல்லமாட்டாராம். "என்ரை மோன் வரட்டும்" என்கிறார். நீங்கள் வீட்டுப் படி மிதித்து இரண்டு வருடம்.

பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடம் போகாமல் மறிக்கப்பட்டவள் நான். கரைக்கும் போவதில்லை. ஆனால் காய்ச்சலில் அப்பு பிதற்றும்போது ஈரத்துணி போடுவது நான்தான். அந்தப் பனையையும் கோபுரத்தையும் மூன்று தரம் சொல்லிவிட்டார். எனக்கு இடம் தெரியும்.

அதை இதில் எழுதமாட்டேன். எழுதினால் போத்தல்களுக்காகக் கொழும்பிலேயே காத்திருப்பீர்கள். உங்களைப்பற்றி இப்படி நினைக்கிறேனே என்று எனக்கே வெட்கமாயிருக்கிறது.

இது கிடைத்த அன்றே மெயில் ரயிலில் ஏறுங்கள். அப்புவுக்குப் பேச்சிருக்கும்போதே வந்து, அவர் வாயாலேயே கேளுங்கள்.

உங்கள் ஆராய்ச்சி பலிக்கட்டும், அண்ணை. அதற்கு முதல் அம்மாள் உங்களை இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

தங்கை,
தங்கமுத்து